வாசலில் வைத்துவிட்டுப் போகவும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் வழக்கம்போல் எட்டுப் பேர் கூடியிருந்தோம். பேச்சு, அதுவும் வழக்கம்போல், ஒரு கவிதையில் ஆரம்பித்து அந்நியமாதலில் வந்து நின்றது. நவீன மனிதன் தன் உழைப்பிலிருந்து, பிறரிடமிருந்து, கடைசியில் தன்னிடமிருந்தே எவ்வாறு விலகிப்போனான் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பசி எடுத்த பிறகுதான், எட்டு மணிக்குச் சொல்லிவைத்த பரோட்டா ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்வி எழுந்தது. நண்பர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு புகைப்படம் வந்திருந்தது. அவர் வீட்டுக் கதவு. கதவுக்கு வெளியே எங்கள் செருப்புகள். செருப்புகளுக்கு நடுவில் ஒரு பழுப்பு நிறப் பை. படம் வந்து முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அந்நியமாதல் பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்தபோது யாரோ ஒருவன் மூன்று மாடி ஏறி வந்து, கதவின் மறுபுறம் நின்று, எங்கள் குரல்களைக் கேட்டபடியே படம் எடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறான்.

ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "தீண்டாமைதான் இது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது." இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அபத்தம். அந்த வார்த்தையை இப்படி மலிவாக்காதீர்கள். அதன் எடை பட்டவனுக்குத்தான் தெரியும். இங்கே யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம், அவ்வளவுதான்." விவாதம் பிறகு ஆளைப் பார்த்துப் பேசுகிற இடத்துக்குப் போய், நம் விவாதங்கள் எப்போதும் முடிகிற மாதிரி, கடைசி பஸ் நேரத்தில் முடிந்தது. இருவரும் பாதிப் பாதி சரி என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பாதிப் பாதி சரி என்பது சோம்பேறித்தனத்தின் இன்னொரு பெயர் என்று இப்போது படுகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சோம்பேறித்தனத்தை உதறிப் பார்க்கும் முயற்சி.

முதலில் விஷயத்தின் ஸ்தூலமான உருவம். 'தொடர்பற்ற டெலிவரி' என்று பத்திரிகைகள் மொழிபெயர்க்கின்றன. தொடர்பு வேறு, தொடுகை வேறு. அந்தப் பேதமே இந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போகிறது. 'கான்டாக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இரண்டும் குழம்பிக் கிடப்பதால் மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2020 ஜனவரியில் வூஹான் நகரம் அடைக்கப்பட்டபோது, மெய்த்துவான் என்ற சீன நிறுவனம் இந்த ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தது. கொண்டுவருபவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் நெருங்க வேண்டாம். குறித்த இடத்தில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். மார்ச் மாதத்துக்குள் ஸ்விகியும் ஸொமாட்டோவும் டாமினோஸும் இந்தியாவில் அதையே செய்தன. இதன் ஆதார நிபந்தனை, பணம் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது. ரொக்கம் என்றால் கை வேண்டும். சில்லறை என்றால் இரண்டு கை வேண்டும். மற்றவை சுலபம். வரைபடத்தில் ஒரு சிறு வண்டி நகர்ந்து வருகிறது. 'மணி அடிக்க வேண்டாம்', 'வாசலில் வைத்துவிட்டுப் போகவும்' என்று நாம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவைத்த கட்டளைகள் அவன் திரையில் தெரிகின்றன. அவன் வைக்கிறான், படம் எடுக்கிறான், பொத்தானை அழுத்துகிறான். அவன் கணக்கில் ஒரு தொகை ஏறுகிறது.

இதில் புதுமை எதுவும் இல்லை என்று வாதிடலாம். ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றின் நான்காம் புத்தகத்தில் கார்த்தேஜ் வியாபாரிகளைப் பற்றிச் சொல்கிறார். ஹெராக்ளிஸின் தூண்களுக்கு அப்பால் உள்ள கரைக்கு அவர்கள் போவார்கள். சரக்கைக் கடற்கரையில் வரிசையாக அடுக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை மூட்டுவார்கள். புகையைப் பார்த்து அந்த நாட்டு மக்கள் வருவார்கள்; சரக்குக்கு எதிரே தங்கத்தை வைத்துவிட்டு விலகிப் போவார்கள். வியாபாரிகள் இறங்கி வந்து பார்ப்பார்கள். தங்கம் போதுமென்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். போதாதென்றால் தொடாமல் கப்பலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் தங்கம் வைப்பார்கள். விலை சமமாகும்வரை இவர்கள் தங்கத்தைத் தொடுவதில்லை. தங்கம் எடுக்கப்படும்வரை அவர்கள் சரக்கைத் தொடுவதில்லை. இரு தரப்பும் ஏமாற்றுவதில்லை. ஒரு வார்த்தைகூட இல்லாத பேரம். இது நடந்ததா, ஹெரோடோட்டஸ் கேட்ட கதையா என்பது எனக்கு முக்கியமில்லை. மனித முகத்தைப் பார்க்காமலே மனிதனை நம்பலாம் என்ற ஒரு சாத்தியத்தை அவர் யோசித்திருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

அடுத்த உதாரணம் இன்னும் நெருக்கமானது. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு கொள்ளைநோய் இங்கிலாந்தின் டெர்பிஷரில் உள்ள ஈயம் என்ற கிராமத்துக்குள் நுழைந்ததாகச் சொல்வார்கள். மறு வருஷம், வில்லியம் மாம்பெஸன் என்ற பாதிரியாரின் சொல்லைக் கேட்டு, ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. யாரும் வெளியே போவதில்லை. சுற்றுப்புற ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குழிகள், குழிகளில் வினிகர், வினிகருக்குள் காசு. அந்தக் கல் இன்னும் இருக்கிறது. ஊரில் சுமார் 260 பேர் செத்தார்கள். இங்கே தொடாமையைத் தேர்ந்துகொண்டவர்கள் நோயாளிகள். தங்களிடமிருந்து பிறரைக் காப்பாற்ற அவர்கள் விலகினார்கள். 2020இல் நாம் விலகியது யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற? அந்த ஏப்ரலில் தெற்கு தில்லியில் பிட்ஸா கொண்டுவந்து கொடுத்த ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் 72 வீடுகள் தனிமைப்படுத்தப்பட்டன. என் நினைவில் நிற்பது அந்த 72தான். அவருக்கு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 72 கதவுகளிலிருந்தும் அவரை நோக்கி நீண்ட 72 கைகளை நான் எண்ணவில்லை.

ஆனால் நான் சொல்ல வருவது நோயைப் பற்றி அல்ல. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், பொருள்களின் மேற்பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது. காய்கறியை சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் கழுவுவதை நிறுத்தினார்கள். முகக்கவசங்கள் கழன்றன. சினிமாக் கொட்டகைகளில் கூட்டம் திரும்பியது. இது மட்டும் நின்றுவிட்டது. காரணம் செத்த பிறகும் ஒரு வழக்கம் உயிரோடு இருக்கிறதென்றால், ஆரம்பத்திலேயே வேறொரு காரணம் அதற்குள் ஒளிந்திருந்ததா என்று சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு.

அந்த வேறொரு காரணத்தை நான் வேறு யாரிடமும் போய்த் தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு இரவு. நல்ல மழை. சமைக்க சோம்பல். சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு சந்திப்பில் வெகு நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது. வெளியே பை வைக்கப்படும் சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவருகே போனேன். திறக்கவில்லை. கதவில் பதித்திருக்கும் கண்ணாடித் துவாரத்தின் வழியாகப் பார்த்தேன். குனிந்து படம் எடுத்தவன் உடனே போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டியது. மற்றதையும் கழற்றினான். காலுறையைப் பிழிந்தான். நான் இந்தப் பக்கம் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். திறந்தால் என்ன ஆகிவிடும்? ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். ஒன்றுமே கொடுக்காமல் வெறுமனே பையை எடுத்திருக்கலாம். நான் காத்திருந்தேன். அவன் படியிறங்கும் ஓசை அடங்கிய பிறகு, திருடனைப் போலக் கதவைத் திறந்து என்னுடைய, பணம் கட்டிய, என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டேன். அவன் மீது எனக்கு அருவருப்பு இல்லை, பயம் இல்லை, நோய் நினைவு துளியும் இல்லை. அவன் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் இருந்தது. ஓர் உலர்ந்த மனிதனை அவன் பார்த்துவிடக் கூடாது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்ததால் எனக்குக் கிடைத்த சில நன்மைகளில் ஒன்று, ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற கதை. அதில் மனிதர்கள் பூமிக்கடியில் ஆளுக்கொரு அறையில் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் எல்லாம் வரும். ஒருவரை ஒருவர் தொடும் பழக்கமே வழக்கொழிந்துவிட்டது. ஆகாயக் கப்பலில் தடுமாறி விழப்போகும் ஒரு பெண்மணியைப் பணிப்பெண் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டுகிறாள். அந்தப் பெண்மணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. 2020இல் பலரும் இந்தக் கதையை ஒரு தீர்க்கதரிசனம் என்று சொல்லிக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பணிப்பெண்ணைப் பற்றி ஃபார்ஸ்டர் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: பயணிகளோடு நேருக்கு நேர் பேச வேண்டிய வேலை என்பதால் அவளிடம் ஒரு கரடுமுரடும் தனித்தன்மையும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று. அந்த உலகத்தில் மிச்சமிருக்கும் மனிதத்தன்மை வேலைக்காரியிடம் இருக்கிறது. ஃபார்ஸ்டர் அதைக் கண்டுவிட்டு, தொடராமல், கதாநாயகனின் ஆன்மிகக் கலகத்துக்குப் போய்விடுகிறார். அவர் கதையில் மூட்டை தூக்குகிறவன் இல்லை; எல்லாவற்றையும் யந்திரமே கொண்டுவந்து தருகிறது. நமக்கு வாய்த்திருப்பது அதைவிடச் சிக்கலானது. நம் யந்திரத்துக்குள்ளே ஈரக் காலுறையோடு ஒரு மனிதன் இருக்கிறான். அவனை யந்திரம் என்று நாம் பாவித்துக்கொள்ள வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது தீண்டாமைக்கு வருகிறேன். என் தாத்தாவுக்குக் காவிரிக் கரையில் கொஞ்சம் நிலம் இருந்தது. தொண்ணூறுகளில், எனக்கு ஆறேழு வயதில், அவர் கூலி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொல்லைப்புற வாசலில் அவர் நிற்பார். கீழே நிற்பவர்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார்கள். தாத்தாவின் கை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து காசு விழும். சில சமயம் ஒரு நாணயம் விரலிடுக்கில் தப்பி மண்ணில் உருளும். அவர்கள் குனிந்து தேடுவார்கள். தாத்தா தேடுவதைப் பார்த்துக்கொண்டு, கோபம் எதுவும் இல்லாமல், காத்திருப்பார். அவர் கெட்டவர் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் ஒரு சமூகத்தின் மொத்த இலக்கணமும் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து அப்போது நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஒரு சாணும் என் கதவும் ஒன்றா? ஒன்றில்லை என்று சொன்ன நண்பரின் வாதத்துக்கு வலு உண்டு. தாத்தாவுக்கு எதிரே நின்றவர்கள் யார் மக்கள், எந்தத் தெரு, எத்தனை தலைமுறை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுதான் தீண்டாமையின் அடிப்படை. அறியாதவனைத் தீண்டாமல் ஒதுக்க முடியாது. எனக்கோ படியில் உட்கார்ந்தவனின் பெயரைத் தவிர எதுவும் தெரியாது. ஜார்ஜ் ஸிம்மெல் 1900இல் வெளியிட்ட பணத்தைப் பற்றிய நூலில் இதே திசையில் வாதிடுகிறார். பணம் உறவுகளை உலர்த்துகிறது. ஆனால் அந்த உலர்ச்சியில்தான் ஏழைக்கு விடுதலை இருக்கிறது. நெல்லாகக் கூலி வாங்குகிறவன் முற்றத்தில் குனிந்து நிற்க வேண்டும். காசாக வாங்குகிறவன் அதைக் கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். தாத்தாவிடம் கையேந்திய ஒருவரின் மகன் திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனியில் சேர்ந்தான். பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. அவனுக்கு 'மனித ஸ்பரிசம்', 'முகத்துக்கு முகம்' என்றெல்லாம் நான் போய் உபதேசம் செய்தால் என் முகத்தில் காறி உமிழ்வான். எங்கள் ஊரில் முகத்துக்கு முகம் என்பது என்னவாக இருந்தது என்று அவனுக்குத் தெரியும். நம்மில் சிலருக்குக் கிராமம், உறவு, அண்மை என்றால் கண் பனித்துவிடுகிறது. அந்தக் கண்ணீர் எந்த வாசலில் நின்று வடிக்கப்படுகிறது, முன்வாசலிலா கொல்லைப்புறத்திலா என்று கேட்பது விமர்சகன் வேலை.

ஆனால் இந்த வாதமும் ஓர் எல்லை வரைதான் போகும். பெயர் மட்டும் தெரியும் என்றேன். பெயரே போதும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், கொண்டுவருபவர் இந்து இல்லை என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வேறு ஆளை அனுப்பச் சொன்னார். நிறுவனம் மறுத்தது, அதன் தலைவர் பகிரங்கமாகவே கண்டித்தார். அதே நிறுவனம், அதே தலைவர், 2024 மார்ச்சில் சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கென்று தனி ஆட்படை என்றும் அவர்களுக்குப் பச்சைச் சட்டை என்றும் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. சிவப்புச் சட்டைக்காரனைக் குடியிருப்புக்குள் விடாமல் தடுப்பார்கள், வாடகைக்கு இருப்பவனுக்கு வீட்டுக்காரர் தொல்லை தருவார் என்றார்கள். மறுநாளே பச்சைச் சட்டை விலக்கிக்கொள்ளப்பட்டது. விலக்கப்பட்டது சட்டைதான், தனிப் பிரிவு அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் பிரித்துக்கொள்ளலாம் என்பதே கடைசித் தீர்வாக இருந்தது. உணவு ஒரு பெட்டிக்குள், பெட்டி ஒரு பைக்குள், பை முத்திரையிடப்பட்டு, கை படாமல் வருகிறது. அப்படியிருந்தும் எந்தக் கை சுமந்தது என்ற கேள்வி சாகவில்லை. தொடாமலே தீட்டு பரவும் என்பது நம் முன்னோர்கள் கண்டுபிடித்த அறிவியல். காலில் செருப்பில்லாமல் நடக்கவைத்த தெருக்களில் யாரும் யாரையும் தொடவில்லை.

எனவே தீண்டாமையைத் தொடுகையின் பிரச்னையாகப் பார்ப்பதே தவறோ என்று தோன்றுகிறது. இந்த இடத்தில் தத்துவத்தின் உதவி கொஞ்சம் தேவைப்படுகிறது. அரிஸ்டாட்டில், பிற புலன்கள் இல்லாமல் ஒரு பிராணி வாழ முடியும், தொடு உணர்வு இல்லாமல் வாழ முடியாது என்கிறார். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும்போது முதல் அறிவாக வைப்பது இதையே. இதில் ஒரு வித்தியாசம்: அரிஸ்டாட்டில் செடிகொடிகளுக்குத் தொடு உணர்வை மறுக்கிறார்; தொல்காப்பியர் புல்லுக்கும் மரத்துக்கும் அதைக் கொடுக்கிறார். புல்லுக்குக் கொடுத்த மரபு சேரியில் இருந்த மனிதனுக்கு மறுத்தது எப்படி என்று யாராவது எழுத வேண்டும். மெர்லோ-பாந்தி, வலது கையால் இடது கையைத் தொடும்போது எது தொடுவது, எது தொடப்படுவது என்று மாறி மாறி நிகழ்வதைக் கவனித்தார். பார்க்கிறவன் பார்க்கப்படாமல் இருக்கலாம். தொடுகிறவன் தொடப்படாமல் இருக்க முடியாது. கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட நூலில் சருக்கை தீண்டாமையை இந்த முனையிலிருந்துதான் அணுகுகிறார். தீண்ட மறுப்பவன் எதிரே இருப்பவனை மட்டும் ஒதுக்குவதில்லை. தன் உடம்பிலேயே ஒரு புலனை மூடிக்கொள்கிறான் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். கண்ணாடித் துவாரத்தின் முன் நான் நின்ற நிலைக்கு இது சரியாகப் பொருந்துகிறது. நான் பார்த்தேன், பார்க்கப்படவில்லை. அவன் காலுறையை நான் அறிந்தேன். என் உலர்ந்த கால் அவனுக்குத் தெரியாது. தொடுகை என்பதன் சாரம் தோலில் இல்லை, இந்தப் பரஸ்பரத்தில் இருக்கிறது என்றால், நான் அன்று தவிர்த்தது தொடுகையைத்தான், நாங்கள் விரல் நுனிகூடப் படாமல் பையைக் கைமாற்றியிருந்தாலும்.

ஹெரோடோட்டஸின் வியாபாரிகளை இப்போது மறுபடி பார்க்கிறேன். அங்கே இருவரும் சமமாக ஒளிந்திருந்தார்கள். கப்பலில் இருப்பவனுக்கும் காட்டில் இருப்பவனுக்கும் எதிராளியின் தங்கமும் சரக்கும் மட்டுமே தெரியும். போதாது என்று சொல்ல இருவருக்கும் வழி இருந்தது, மௌனத்தாலேயே. என் ஏற்பாட்டில் அவன் எந்தத் தெருவில் எத்தனை நிமிஷம் நின்றான் என்பது எனக்குத் தெரியும். அவன் கூலி போதாது என்று என்னிடம் சொல்ல வழி இல்லை. நான் அவனுக்கு நட்சத்திரம் போட வழி உண்டு. நான் தாத்தாவைப் போல ஒரு சாண் உயரத்தில் நிற்கவில்லைதான். யாரோ எனக்காக நிற்கிறார்கள். அவனைக் கூப்பிடுவதும், விரட்டுவதும், தாமதமானால் பிடித்துக்கொள்வதும், கணக்கை முடக்கி வேலையைப் பறிப்பதும் ஒரு நிரலின் வேலை. நான் நல்லவனாக இருந்துகொள்ளலாம். 'அவர் கெட்டவர் இல்லை' என்று என் பேரன்கள் என்னைப் பற்றியும் சொல்வார்கள்.

மெல்வில்லின் பார்ட்டில்பி கதையில் வக்கீல் தன் குமாஸ்தாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மடக்குத் தட்டி வைக்கிறார்: கண்ணுக்குத் தெரியக் கூடாது, குரலுக்கு எட்ட வேண்டும். குமாஸ்தா என்ற முறையில் எனக்கு அந்தத் தட்டி நன்றாகத் தெரியும். 2020இல் எங்கள் கிளையில் காஷ் கவுண்ட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் தாள் கட்டினார்கள். அதற்கும் முன்னால் ஒரு கயிறு. ஏப்ரல் முதல் மூன்று மாதம் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு அரசாங்கம் மாதம் 500 ரூபாய் போட்டது. கூட்டத்தைத் தவிர்க்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்திருந்தார்கள். எந்த இலக்கமானாலும் எல்லாரும் முதல் நாளே வந்தார்கள். வெயிலில் நின்றார்கள். அவர்கள் கொடுத்த பாஸ்புக்கை நான் கையுறையோடு வாங்கினேன். வசதியான வாடிக்கையாளர் சிலர் நான் கொடுத்த நோட்டை நுனி விரலால் வாங்கிப் பாலிதீன் பைக்குள் போட்டார்கள். ஒருவர் இடுக்கி கொண்டுவந்திருந்தார். நோட்டு எண்ணும் என் விரல்களை அவர் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் மேல்ஜாதிக்காரன், சம்பளக்காரன், அதிகாரி இல்லாவிட்டாலும் அரசாங்க வங்கி ஊழியன். அந்த ஒரு கணத்தில் என் கை என்னைவிட்டு விலகி, வேறெவருடைய கையோ போல மேஜைமேல் கிடந்தது. இதை வைத்துக்கொண்டு எனக்கும் தீண்டாமை தெரியும் என்று கிளம்பினால் அதைவிட அயோக்கியத்தனம் இல்லை. எனக்கு அது இடுக்கியோடு வந்து இடுக்கியோடு போய்விட்டது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், கைகளைக் கழுவிக்கொண்டு, 'வாசலில் வைத்துவிட்டுப் போகவும்' என்பதை நானும் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு முடிச்சும் தெரியவில்லை.

அரசாங்கங்களுக்கு இந்த உடம்புகள் மெதுவாகக் கண்ணில் பட ஆரம்பித்திருக்கின்றன. 2020–21இல் இப்படித் துண்டு வேலை செய்பவர்கள் நாட்டில் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் வந்தது. அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் அவர்கள் உட்கார ஒரு குளிர்சாதன அறை கட்டியது, கழிப்பறையோடு. நண்பர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்தக் கழிப்பறை, நாங்கள் அன்று பேசிய முக்கால் மணி நேரத்தைவிட முக்கியமான சிந்தனையாகப் படுகிறது. வரைபடத்தில் நகரும் வண்டிக்குச் சிறுநீர் வரும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் கிளைக்கு ஒருவர் வருவார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ரொக்கமாக வாங்கிய பணத்தை மொத்தமாகத் தன் கணக்கில் கட்டிவிட்டு, அங்கிருந்து நிறுவனத்துக்கு அனுப்புவார். இரண்டு வருஷமாகத் தெரியும். அவர் கையெழுத்து தெரியும். ஒரு தடவை மாறியபோது திருப்பிப் போடச் சொன்னேன். மாசக் கடைசியில் கணக்கில் எவ்வளவு நிற்கும் என்று தெரியும். அவர் அம்மாவின் பெயர் நாமினி. அவர் என் வாசலில் வந்து நின்றிருக்கலாம். துவாரத்தின் வழியாகப் பார்த்தால் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். இந்தக் கட்டுரை மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் போன வாரம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்களே, அது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"அதான் சார் நல்லது. பெல் அடிச்சா எங்க, வர்றதுக்கு அஞ்சு நிமிஷம். வந்து நம்மள மேலயும் கீழயும் பாப்பாங்க. லிஃப்ட்ல ஏன் வந்தேன்னு ஒருத்தர் கேட்டாரு. வெச்சமா போட்டோ எடுத்தமா போனமான்னு இருக்கணும். மூஞ்சியே பாக்க வேணாம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "வரலைன்னு பொய் சொல்லிடுவாங்க சில பேரு. அப்பத்தான் யாராச்சும் பாத்திருந்தா தேவலன்னு தோணும்" என்றார்.

நோட்டுகளை எண்ணி முத்திரை வைத்து செலானைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சார் வீடு எந்தப் பக்கம்? நம்ம ஏரியாதானா?"

"பக்கத்துலதான்" என்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.